வெள்ளத்தில் போகாத உப்புக்காரி

அக்கா,

உன் உப்புக்காரியைக் கொன்றுவிட்டார்கள். வழவழப்பான தாளில் அச்சடித்து, அட்டையில் கோலம் போட்டு, கதையின் கடைசிப் பத்தியில் அவளை ஆற்று வெள்ளத்தில் போகவிட்டார்கள். அவளோடு பண்ணையாரும் போகிறார். அடுத்த கதையில் தட்டானும் அவன் பெண்டாட்டியும் போகிறார்கள். அதற்கடுத்த கதையில் ஒரு ஊரே போகிறது. நீ சொன்ன பதினோரு கதையிலும் கடைசியில் மழை பிடிக்கிறது, ஆறு பெருகுகிறது, ஒருத்தர் மிச்சமில்லை. கீழே உன் பெயர். 'சொன்னவர்' என்று போட்டு உன் பெயர். அதுதான் உன் கதைகளின் நிஜ முடிவு என்று ஊர் நம்ப வேண்டுமாம்.

புத்தகம் இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை கூரியரில் வந்தது. இப்போது மேஜையில் கிடக்கிறது. பிரித்தால் இன்னும் பசை வாசனை போகவில்லை. உன் கதை என்றால் எனக்கு மெழுகு தேய்த்த நூலும் ஈரக் கித்தானும் கலந்த வாசனைதான் வரும். பக்கம் பக்கமாக மூக்கை வைத்துப் பார்த்தேன், நம்புவாயா? எழுபத்து மூன்று வயதில் புத்தகத்தை மோந்து பார்க்கிற கிழவி. என் மருமகள் பார்த்துவிட்டு, "அத்தை, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபம்.

தேஹு ரோடு ராணுவ டெப்போவில் கூடாரம் தைக்கிற ஷெட்டில் நீயும் நானும் இருபத்தாறு வருஷம் எதிரெதிரே உட்கார்ந்தோம். பெரிய கூடாரத்தை விரித்துப் போட்டால் நாலு பேர் நாலு மூலையில் உட்கார்ந்து கிழிசலைத் தைக்க வேண்டும். கண் ஊசியைவிட்டு நகரக் கூடாது. நகர்ந்தால் உள்ளங்கையில் ஏறிவிடும். அதனால் நீ கதை சொல்லும்போது யாரும் உன் முகத்தைப் பார்த்ததில்லை, நீயும் எங்கள் முகத்தைப் பார்த்ததில்லை. கேட்கிறோம் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி உம் கொட்டுவதுதான். நீ ஒரு வாக்கியம் சொல்ல, நான் ஒரு "உம்". அது கொஞ்சம் பிந்தினால் போதும்.

"ஏட்டி தங்கம், தைக்கியா, உறங்குதியா?"

"தைக்கேன்க்கா."

"அப்பம் சத்தத்தக் காணோம்? நான் என்ன கித்தானுக்கா கத சொல்லுதேன்?"

சாப்பாட்டுக்குப் பிறகு ஒருநாள் நான் நிஜமாகவே கண்ணயர்ந்துவிட்டேன். நீ என் முட்டியில் தட்டி எழுப்பினாய். "எந்திட்டி, எல்லாரும் செத்தாச்சு." நான் பதறி எழுந்து ஷெட்டைச் சுற்றிப் பார்த்தேன். நீ சிரித்த சிரிப்பில் சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தார்.

அன்றைக்குத்தான் உன் வீட்டு வழக்கத்தைச் சொன்னாய். கேட்கிற ஆள் உம் கொட்டவில்லை என்றால் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பதில் வராவிட்டால் கதையை வெள்ளத்தில் விட்டுவிட வேண்டும். "பாதியில நிறுத்துனா அது அலைஞ்சிக்கிட்டுக் கெடக்கும். முழுசாச் சொல்லலாம்னா கேக்க ஆளு இல்ல. அதனால தண்ணியில விட்டுருதது. நாளைக்கு ஆளு முழிச்சிருந்தா முதல்ல இருந்து சொல்லிக்கிடலாம்." எந்தக் கதையானாலும் அதே மழை, அதே ஆறு. உறங்கினவர்களுக்கான முடிவு அது. உங்கள் அம்மா உங்களுக்கு அப்படித்தான் சொன்னாளாம்.

புத்தகத்தில் இருப்பது அந்த வெள்ளம்தான் அக்கா. பதினோரு தடவை.

எப்படி நடந்தது என்பதை உன்னிடம் மறைக்க முடியாது, நீ அங்கே இருந்தாய். நானும் இருந்தேன். சாங்வியில் உன் மகள் வீட்டு ஹால். தமிழ்ச் சங்கத்திலிருந்து கதை தொகுக்க வந்த தம்பி கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன், மரியாதையான பிள்ளை. உன் சேலைத் தலைப்பில் சின்ன மைக்கைக் குத்தினான். நீ "ஒரு ஊர்ல" என்றாய், நான் "உம்" என்றேன். அவன் உடனே நிறுத்தினான்.

"ஆன்ட்டி, நடுவுல சவுண்ட் குடுக்காதீங்க, ப்ளீஸ். அப்புறம் எடிட் பண்ண முடியாது."

நான் வாயை மூடிக்கொண்டேன். டெப்போவில் சூப்பர்வைசருக்கே பதிலுக்குப் பதில் பேசினவள், ஒரு மைக்குக்கு அடங்கிப்போனேன். நீ உப்புக்காரி கதையில் பாதி வந்து, "கேக்கியாட்டி?" என்றாய். தலையாட்டினேன். உன் இரண்டு கண்ணிலும் அப்போது புரை. ஜன்னல் எது, ஆள் எது என்றே உனக்குத் தெரியாது. நான் தலையாட்டுகிறேன். "தங்கம், இருக்கியா?" என்றாய். அதற்கும் தலையாட்டினேன். இதைத்தான் நான் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. நீ தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பம் மழ புடிச்சிது" என்று தொடங்கினாய்.

பிறகு நீ என்னைக் கூப்பிடவும் இல்லை. ஒவ்வொரு கதையையும் பாதி வரை கொண்டுவந்து, கொஞ்சம் நிறுத்திப் பார்த்துவிட்டு, தண்ணீரில் விட்டாய். ஷெட்டில் மூன்று நாள் ஓடுகிற கதை பத்து நிமிஷத்தில் முடிந்தது. பதினொன்றும் சாயங்கால டீக்கு முன்னால் தீர்ந்துவிட்டது. அந்தத் தம்பிக்கு வாயெல்லாம் பல். "எவ்ளோ க்ரிஸ்பா சொல்றாங்க!"

லிஃப்டில் இறங்கும்போது உன்னிடம் கேட்டேன். "என்னக்கா, எல்லாத்தையும் தண்ணியில விட்டுட்ட?"

"பின்ன? ஒருத்தரும் கேக்கலியே. மிஷினுல்லா கேட்டுது." லிஃப்ட் கதவு திறந்ததும், "அடுத்த வாட்டி நீ வாயத் தொறட்டி. நான் முழுசாச் சொல்லுதேன்" என்றாய்.

அடுத்த வாட்டி வரவில்லை. ஆடி முடிவதற்குள் நீ போய்விட்டாய். காரியம் முடிந்ததும் நான் அந்தத் தம்பிக்குப் போன் செய்து, அந்த முடிவெல்லாம் முடிவே இல்லை, வந்து கேள் என்றேன். "மெட்டீரியல் போதுமான அளவு இருக்கு ஆன்ட்டி, தேங்க்ஸ்" என்றான்.

புத்தகம் வந்தபிறகு முன்னுரையைப் படித்தேன். சங்கத் தலைவர் எழுதியது. பேங்க்கில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், நிறையப் படித்தவர். நான்கு பக்கம் வெள்ளத்தைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறார். தென்கரைத் தமிழரின் ஆழ்மனத்தில் நீரைப் பற்றிய அச்சம் உறைந்திருக்கிறதாம். உப்புக்காரியும் பண்ணையாரும் ஒரே வெள்ளத்தில் போவதால் உயர்வு தாழ்வு கழுவப்பட்டுச் சமரசம் பிறக்கிறதாம். உப்பு மறுபடி கடலைச் சேர்வது ஒரு தத்துவமாம். இதை நீ கேட்டிருந்தால் ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்திருப்பாய். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி பார்த்தேன்: வரும் தை மாதம் மறுபதிப்பு, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இதுவே பாடநூல். சிரிப்பு அதோடு நின்றது. இந்த மராத்தி ஊரில் பிறந்த நம் பிள்ளைகள் தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள். அவர்கள் முதன்முதலாகப் படிக்கப்போகிற கதையில், எதிர்த்து நின்ற ஒருத்தி தண்ணீரில் சாகப்போகிறாள். அதுதான் முடிவு என்று பரீட்சையும் வைப்பார்கள். நிஜ முடிவைக் கேட்ட தமிழ்க்காது இப்போது உலகத்தில் என்னுடையது ஒன்றுதான். நான் போனால் வெள்ளம்தான் நிற்கும்.

போன ஞாயிறு கமிட்டி கூடியது, கோர்படியில். நான் சகுபாயைக் கூட்டிக்கொண்டு லோக்கல் ரயிலில் போனேன்.

சகுபாயை நீ மறந்திருக்க மாட்டாய். கூடாரத்தின் மூன்றாவது மூலைக்கு ஆள் மாறிக்கொண்டே இருக்கும், நாலாவது மூலை அந்த மராத்திக்காரியுடையது. வந்த புதிதில், தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கிறது உங்கள் பாஷை என்று நம்மைக் கேலி செய்வாள். ஆறு மாதம் கழித்து, ஒரு வார்த்தை தமிழ் தெரியாமலே, நான் "உம்" சொல்கிற இடத்தில் அவள் "ஹோ" சொல்ல ஆரம்பித்தாள். நீ நிறுத்தினால் பதறிப்போய், "மக் காய் ஜாலா?" என்பாள். அப்புறம் என்ன ஆச்சு என்று. நீ அவளுக்காக நடுநடுவே ஷெட் இந்தியில் ஒரு வரி சொல்லுவாய். உன் இந்திக்கு அவளும், அவள் "ஹோ"வுக்கு நீயும் சிரித்துக்கொள்வீர்கள்.

கமிட்டியில் ஏழு பேர் இருந்தார்கள். உன் மகளும் வந்திருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க எது வரைக்கும் படிச்சிருக்கீங்க?" என்றார்.

"நாலாப்பு. இந்தியில."

"தமிழ்?"

"யாரும் சொல்லித்தரல. பொட்டலம் கட்டி வந்த பேப்பரை வச்சு நானே படிச்சேன். உங்க முன்னுரை முப்பது பக்கத்தையும் படிச்சிட்டேன். நீங்க எழுதினதை நான் படிச்சாச்சு, நாங்க சொன்னதை நீங்க கேக்கலாம்ல?"

ஒருவர் இருமினார். தலைவர் ரெக்கார்டிங் இருப்பதைச் சொன்னார். உங்கள் அக்காவே சொன்ன முடிவை நாங்கள் மாற்ற முடியாது, அது நேர்மை இல்லை என்றார். சரி, வெட்டாத ரெக்கார்டிங்கைப் போடுங்கள் என்றேன். அந்தத் தம்பி லேப்டாப்பைத் திறந்தான்.

உன் குரல் வந்தது அக்கா. அந்த மேஜையில், டீ கப்புகளுக்கு நடுவில். பண்ணையாரின் வயல் வரப்பில் உப்புக்காரி போகிறாள். என் நிலத்தில் விழுந்தது எனக்கு என்று அவர் சட்டம் பேசுகிறார். ஆள் வைத்து வரப்பை வெட்டிவிடுகிறார். அவள் தடுக்கி விழுகிறாள், கூடை கவிழ்கிறது. தினமும் இதே கதை. அவர் மேலாக அள்ளிக்கொள்கிறார், மீதி பனியில் கரைந்து மண்ணில் இறங்குகிறது. அடுத்த பூ சாகுபடிக்கு விதைத்தால் ஒரு முளை வரவில்லை. "உன் உப்ப நீ எடுத்துக்கிட்டுப் போயிரு" என்று அவர் வந்து நிற்கிறார். இந்த இடத்தில் உன் குரல் நின்றது. "கேக்கியாட்டி?" மின்விசிறிச் சத்தம். "தங்கம், இருக்கியா?" மின்விசிறிச் சத்தம்.

யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அந்த கேப்பை டெட் ஏர், சும்மா பேச்சில்லாத இடம்னு நினைச்சு கட் பண்ணிட்டேன்" என்றான் தம்பி. அவன் குரல் இறங்கியிருந்தது.

தலைவர் விடவில்லை. "கூப்பிட்டாங்க, சரி. அதனால முடிவு வேறன்னு எப்படிம்மா ஒத்துக்கிறது? நீங்க ஒருத்தர் சொல்றது போதாதே."

இதுவரை ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்த சகுபாய் என் தோளைத் தொட்டு, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள். உப்புக்காரி வெள்ளத்தில் செத்துப்போனாளாம் என்றேன். அவளுக்கு வந்ததே கோபம். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். கதையை அந்த இடத்திலிருந்து மராத்தியில் சொல்ல ஆரம்பித்தாள், நடித்துக்கொண்டே. நீங்களே பொறுக்கிக் கொடுங்கள், எடுத்துக்கொண்டு போகிறேன் என்கிறாள் உப்புக்காரி. பண்ணையார் உச்சி வெயிலில் மண்டியிட்டு மண்ணைக் கிளறுகிறார். ஒரு பிடி சேர்த்துக் கொண்டுவந்து நீட்டுகிறார். அவள் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கிறாள். சகுபாய் அப்படியே விரலை நாக்கில் வைத்தாள். "ஹே மாஜ மீட் நாஹீ. ஹா துஜா காம். உசல்!"

நீ சொல்வாயே, "இது என் உப்பு இல்ல சாமி. இது உங்க வேர்வ உப்பு. என்னது இன்னும் கீழ கெடக்கு. பொறுக்குங்க." அதையேதான் அவள் மராத்தியில் சொன்னாள். பண்ணையார் பொறுக்கிக்கொண்டே கிடக்கிறார், அதுதான் நிஜ முடிவு. தான் குடியிருக்கிற சொசைட்டியில் பெண்கள் கூடி மேத்திக் கீரை கிள்ளும்போது இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாளாம். ஷெட்டில் பாதி புரிந்த கதையை அவள் முழுசாக வைத்திருக்கிறாள். தமிழில் பதிவு செய்தவர்களிடம் பாதிதான் இருக்கிறது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மராத்தியில சொன்னதைத் தமிழ்க் கதைக்கு ஆதாரமா எடுக்க முடியாதும்மா. சொல்லப்போனா, இது இவங்க ஊர்க் கதையாவே இருக்கலாம். உங்க அக்கா இவங்ககிட்ட கேட்டுச் சொல்லியிருக்கலாமே?"

நான் மராத்தியில் அவளுக்கு அதைச் சொன்னேன். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். எங்கள் ஊரில் மலையும் நெல்லும்தான் இருக்கிறது சாயேப், உப்பு எந்தப் பாறையில் விளைகிறது, காட்டுங்கள், நானும் நாலு கூடை அள்ளிக்கொள்கிறேன் என்றாள். மராத்தி தெரிந்த மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். தலைவர் கூட்டத்தை முடித்தார். மறுபதிப்பு இப்படியே வரும், என் கருத்தைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்களாம்.

படியில் உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சித்தி, அம்மா போட்டோவை முழுப் பக்கம் போட்டிருக்காங்க. அம்மா பேரு இவ்ளோ பெருசா எங்க வந்திருக்கு? விட்டுருங்களேன்." அவளைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. கித்தான் தைத்தவள் மகள் என்று பள்ளிக்கூடத்தில் கேலி கேட்டவள் அவள். அந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டுவாள். மாட்டட்டும். ஆனால் விட முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அது வலித்தது அக்கா.

தம்பியும் பின்னாலேயே இறங்கி வந்தான். மீதி பத்து முடிவையும் சொல்லுங்கள், போனிலேயே பதிவு செய்துகொள்கிறேன் என்றான். "உம் கொட்டுவியா?" என்று கேட்டேன். "எனக்கு ஒரு மாதிரி கூச்சமா இருக்கும் ஆன்ட்டி" என்றான். "அப்படின்னா ஆத்துத் தண்ணிதான்" என்று சொல்லிவிட்டேன். நானும் சகுபாயும் ஆட்டோ ஏறினோம்.

நான் உன்னைப் போல் சொல்லத் தெரிந்தவள் இல்லை. என் வேலை கேட்பதுதான். இருபத்தாறு வருஷம் அதைச் சரியாகச் செய்தேன், ஒரே ஒரு நாள் தவறினேன். அந்த ஒரு நாள்தான் அச்சில் ஏறி நிற்கிறது. உப்புக்காரியின் முடிவை இந்தக் கடிதத்தில் எழுதிவிட்டேன், சகுபாய்தான் அங்கேயே போட்டு உடைத்துவிட்டாளே. மீதி பத்தையும் எழுத மாட்டேன். தட்டான் பெண்டாட்டி என்ன செய்தாள், அந்த ஊர் எப்படித் தப்பியது, எல்லாம் என்னிடம் இருக்கிறது. காது நீட்டுகிறவனுக்கு உண்டு. மிஷினுக்குக் கிடையாது.

யார் யார் என்ன செய்ய வேண்டும் என்று நேற்று சங்கத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். உனக்கும் ஒரு பிரதி.

தலைவர் வெள்ளத்தைப் பற்றிய நான்கு பக்கத்தையும் முன்னுரையிலிருந்து எடுக்க வேண்டும். எடுக்க மனமில்லை என்றால், உறங்கினவர்களுக்குச் சொன்ன முடிவைத்தான் நான் ஆராய்ந்தேன் என்று அதன் கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். அந்தத் தம்பி தான் வெட்டிய இடங்களையெல்லாம் ஒட்டி, உன் கேள்வியை இருந்த இடத்தில் வைக்க வேண்டும். பிறகு தேஹு ரோட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து, கூச்சத்தைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு, வாய் திறந்து கேட்க வேண்டும். மைக் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். சகுபாயின் பெயரை உன் பெயருக்குப் பக்கத்தில் போட வேண்டும், அதே அளவு எழுத்தில். உன் மகள், இந்த மாற்றங்கள் வரும்வரை மறுபதிப்புக்குச் சம்மதக் கையெழுத்துப் போடக் கூடாது. அவள் போட்டுவிடுவாளோ என்றுதான் எனக்குப் பயம். அதனால் அவளுக்கு மட்டும் தனியாகப் போன் செய்வேன், தினமும், அவள் எடுக்கிறவரை.

என் பங்கு ஒன்று இருக்கிறது. தை வரை காத்திருக்க மாட்டேன். வருகிற ஞாயிறு பத்து மணிக்குத் தமிழ் வகுப்பு. சகுபாயும் வருகிறாள். பிள்ளைகள் "உம்" என்றாலும் சரி, "ஹோ" என்றாலும் சரி, "ஓகே ஆன்ட்டி" என்றாலும் சரி. தட்டான் கதையை எடுப்பதாக இருக்கிறேன். வாசலில் நிறுத்தினால் வாசலிலேயே உட்கார்ந்து ஆரம்பிப்பேன்.

தங்கம்